படத்தின் பின்பக்கம்

வாசகர் கேள்வி - பதில்

வீட்டில் பழைய படம் இருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. அதில் ஒரு கடிதத்தோடு ஓர் ஆல்பத்தின் நகல் முழுவதும் வந்து சேர்ந்தது. இரண்டு வாரமாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் சில பக்கங்களைச் சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டதும் அதைப் பற்றியே இன்னும் பலர் கேட்டுவிட்டார்கள். ஆகவே இம்முறை பெரும்பாலும் யார்க் நகரம்தான். மற்றவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்தார். 1971-இல் அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது அந்த வீட்டம்மா இந்த ஆல்பத்தைத் தாத்தாவிடம் கொடுத்தாராம். மொத்தம் 31 படங்கள். எல்லாம் இங்கிலாந்தில் உள்ள யார்க் என்ற ஊர். தெரு, கட்டடம், கடை, பிள்ளைகள். எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இதை வைத்துக்கொள்வதா, யாரிடமாவது கொடுத்துவிடுவதா?
- ஈசூன் வாசகர்

தம்பி, இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தாத்தா பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டிலிருந்து அந்த வீட்டில் வேலை பார்த்தார், ஆல்பம் எப்படிக் கைக்கு வந்தது என்று எழுதி அதற்குள் வையுங்கள். இதையெல்லாம் இன்று சொல்ல உங்கள் அம்மா இருக்கிறார். அந்தத் தாள் இல்லாவிட்டால் நாளைக்கு அது வெறும் வெளிநாட்டுப் படக்கட்டு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். செம்பவாங்கில் என் அப்பா ஒரு சின்னப் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தார். வெள்ளைச் சீருடையில் மாலுமிகள் வருவார்கள். படம் எடுத்து நாலு பிரதி வாங்கி, அம்மாவுக்கும் காதலிக்கும் கப்பலில் அனுப்புவார்கள். இருட்டறையிலிருந்து வரும் ஈரப் படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவது என் வேலை. ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் அப்பா ரப்பர் முத்திரை குத்துவார். எங்கள் முத்திரை அவர்கள் ஊருக்குப் போனது. அவர்கள் ஊர்ப் படம் உங்கள் தாத்தா வீட்டுக்கு வந்தது.

யார்க்கையும் எனக்குத் தெரியும். மகள் அங்கே படித்தபோது 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் போய் மூன்று மாதம் இருந்தேன். மகள் காலையில் வகுப்புக்குப் போய்விடுவாள். நான் நகர நூலகத்துக்குப் போய்ப் பழைய தெருப் படங்களைப் பார்ப்பேன். மத்தியானம் அந்தத் தெருவுக்கே நடந்துபோய், படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று தேடி அதே இடத்தில் நிற்பேன்.

உங்கள் ஒன்பதாம் படம் ஷாம்பிள்ஸ் தெரு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் மரச்சட்ட வீடுகள். மாடிகள் முன்னுக்குத் துருத்தி, எதிர்வீட்டு மாடியைத் தொட்டுவிடுமோ என்பதுபோல் நிற்கும். அந்த வீடுகளில் பல 14, 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தெரு முழுவதும் கசாப்புக் கடைகள். 1872-இல்கூட 25 கடைகள் இருந்தன. மாடி துருத்தி நிற்பதால் இறைச்சியில் நேர்வெயில் படாது. தெருவின் இரு ஓரமும் உயர்ந்து நடுப்பகுதி வாய்க்கால்போல் தாழ்ந்திருக்கும், கழுவிவிட்ட ரத்தமும் கழிவும் ஓட வேண்டுமல்லவா. இன்று ஒரு கசாப்புக் கடைகூட இல்லை. ஆனால் இறைச்சி அடுக்கிய அகலமான சன்னல் பலகையும், தொங்கவிட்ட இரும்புக் கொக்கியும் பல கடை வாசலில் அப்படியே இருக்கின்றன.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் வலப்பக்கம் இரண்டாவது கடை. கொக்கியில் முழு ஆடு ஒன்று தொங்குகிறது. அதற்குக் கீழே வெள்ளை ஏப்ரன் கட்டியவர் ஒருவர், கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவையே பார்க்கிறார். படியில் ஒரு நாய். நாயின் உடம்பு தெளிவாக இருக்கிறது, வால் மட்டும் புகைபோல் கலைந்திருக்கிறது. படம் எடுத்த நேரத்தில் அது வாலை ஆட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவே எனக்கு மனம் வரவில்லை.

நான் அங்கே போய் நின்றபோது நூலகத்துப் படத்தில் உள்ள சன்னல், பலகை, கூரைச் சரிவு எல்லாம் எதிரே அச்சாகப் பொருந்தின. ஆள் மட்டும் இல்லை. நூலகத்துப் படங்களில் தெருப் பெயர் துல்லியமாக இருக்கும். கடை வாசலில் நிற்பவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. நம் ஊரில் இது தலைகீழ். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தையின் படத்தைக் கொண்டுபோய் இன்றைய தேக்கா சந்தையில் நின்று பாருங்கள், ஒரு தூண்கூடப் பொருந்தாது. பழைய சந்தை 1982-இல் போய்விட்டது. ஆனால் அந்தப் படத்தில் ஆட்டிறைச்சி வெட்டுபவர் இன்னாருடைய பெரியப்பா என்று சொல்ல இன்னும் இங்கே ஆள் இருக்கிறார். தெருவை மீட்க முடியாது. பெயரை எழுதிவைக்க முடியும், அதுவும் சீக்கிரம் எழுதினால்தான்.

பதினான்காம் படத்தையும் சொல்லிவிடுகிறேன். குறுகலான முற்றம், கொடியில் துணி, வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பின்னால் பென்சிலில் ஹங்கேட் என்று எழுதியிருக்கிறது. ஃபோஸ் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி அது. யார்க்கின் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். பல குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கழிப்பிடமும் பொது. அந்த ஊர் சாக்லேட் ஆலைக் குடும்பத்து மகன் சீபோம் ரவுண்ட்ரீ 1899-இல் நகரத்துத் தொழிலாளர் வீடுகளில் ஏறி இறங்கிக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். 11,560 குடும்பங்கள். நகர மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் வறுமையில் இருந்தார்கள் என்று 1901-இல் வெளியிட்டார். வேலை இல்லாததால் மட்டுமல்ல, வேலை இருந்தும் கூலி போதாததாலும்தான் வறுமை என்று அவர் காட்டியது அந்த நாட்டையே உலுக்கியது. நம் பிள்ளைகள் கடையில் வாங்கும் கிட்கேட் அந்த ஆலையில் 1935-இல் பிறந்ததுதான். ஹங்கேட் வீடுகளை 1930-களில் இடித்துவிட்டார்கள். ஆகவே உங்கள் படத்தில் இருக்கும் முற்றம் இன்று இல்லை. அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. இந்த ஒரு படத்தின் நல்ல நகலை யார்க் நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்வேன். மூலம் உங்களிடமே இருக்கட்டும்.

ஆல்பத்தில் மிக்கிள்கேட், கூட்ராம்கேட் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் கேட் என்றால் வாசல்தானே? படத்தில் வாசலே இல்லையே, அக்கா?
- பொங்கோல் வாசகி

நானும் முதல் வாரம் வாசலைத் தேடி அலைந்தேன். யார்க்கை 866-இல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் தெருவுக்குக் ‘காத்தா’ என்று பெயர். அதுதான் தெருப் பெயர்களின் வாலில் ‘கேட்’ என்று ஒட்டிக்கொண்டது. மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. காப்பர்கேட்டுக்கும் செம்புக்கும் சம்பந்தமே இல்லை, அது மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. அப்படியானால் கோட்டை வாசலுக்கு என்ன சொல்வார்கள்? ‘பார்’ என்பார்கள்! மிக்கிள்கேட் பார், பூத்தம் பார், மாங்க் பார், வால்ம்கேட் பார். வால்ம்கேட் வாசலுக்கு மட்டும்தான் முன்னால் நீட்டிக் கட்டிய காவல் மதில் இன்றும் இருக்கிறது. மற்ற மூன்றிலும் 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். ஆல்பத்தின் ஆறாம் படம் அந்த வால்ம்கேட் வாசல்தான்.

ஆட்கள் போய் ஆயிரம் ஆண்டு ஆனாலும் அவர்கள் சொல் தெருப் பலகையில் இருக்கிறது. எருமையே இல்லாத இடத்தை நாம் பஃபலோ ரோடு என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

படத்தில் தேதி இல்லை. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- மேலே எழுதிய ஈசூன் வாசகரே

பதினேழாம் படத்தை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கே பழகிவிடும்.

அது அஞ்சலட்டை. ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு டிராம் வண்டி, தலைக்கு மேலே கம்பி. அந்த ரயில் நிலையம் 1877-இல் திறந்தது. யார்க்கில் குதிரை இழுக்கும் டிராம் 1880-இல் வந்தது. மின்சார டிராம் 1910 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்து 1935-இல் நின்றது. கம்பி இருப்பதால் 1910-க்கும் 1935-க்கும் இடைப்பட்ட படம். சரி, இப்போது அட்டையைத் திருப்புங்கள். இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி. இப்படி ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுத பிரிட்டனில் 1902-இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன் பின்பக்கம் முகவரிக்கு மட்டும், செய்தியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுதுவார்கள். தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், அவர் 1910-இல் பட்டத்துக்கு வந்தவர். விலை அரை பென்னி. அஞ்சலட்டைக்கு அரை பென்னி என்ற கட்டணம் 1918 ஜூனில் ஒரு பென்னியாக ஏறிவிட்டது. ஆகவே 1910-க்கும் 1918-க்கும் நடுவில் அனுப்பிய அட்டை. எட்டு ஆண்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம், அதுவும் பெண்களின் தொப்பியைப் பார்க்காமலே.

இதே முறை நம் ஊர்ப் படத்துக்கும் உதவும். சிங்கப்பூரில் மின்சார டிராம் 1905 முதல் 1927 வரை. தண்டவாளம் இல்லாமல் மேலே கம்பி மட்டும் தெரிந்தால் டிராலி பஸ், அது 1926-இல் வந்து 1962-இல் நின்றது. சிங்கப்பூர் ஆற்றில் சரக்கு ஏற்றும் தொங்காங் படகுகள் நெருக்கியடித்து நின்றால் 1983-க்கு முந்தைய படம். ஒரே அடையாளத்தை நம்பி ஆண்டு சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மிகப் பழைய படங்களில் தெரு ஏன் காலியாக இருக்கிறது? அப்போது மக்கள்தொகை அவ்வளவு குறைவா?
- தெம்பனிஸ் உயர்நிலைப் பள்ளி மாணவி

நல்ல கேள்வி, கண்ணு. மக்கள் இருந்தார்கள், கேமராவுக்குத்தான் தெரியவில்லை. காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்த டால்பட் என்பவர் 1845 ஜூலையில் யார்க்குக்கு வந்து, அங்குள்ள பெருங்கோயிலையும் தெருவையும் படம் பிடித்தார். அந்த முறையில் லென்ஸைப் பல விநாடி, சில சமயம் நிமிடக்கணக்கில் திறந்துவைக்க வேண்டும். நடந்துபோகிறவர் அதற்குள் படத்தைத் தாண்டிப் போய்விடுவார், சுவடே இருக்காது. கல்லும் மரமும் அசையாமல் நின்றதால் பதிந்தன. 1880-களில் வேகமான உலர்தட்டுகள் பரவிய பிறகுதான் நடக்கிற மனிதர் படத்துக்குள் வந்தார். நாய் வால் மட்டும் கலைந்திருப்பதாக மேலே எழுதினேனே, அது நடுவில் உள்ள காலம்.

இன்னொன்றும் தெரிந்துகொள். டால்பட் யார்க்கில் படம் பிடிப்பதற்கு ஓராண்டு முன்பே, 1844-இல், பிரெஞ்சு அதிகாரி ஜூல் இத்தியே நம் சிங்கப்பூர் ஆற்றங்கரையை வெள்ளிப் பூச்சுத் தகட்டில் படம் பிடித்துவிட்டார். வகுப்பில் சொல்.

22-ஆம் படத்தில் கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கிறதே, அது என்ன?
- ஈசூன் வாசகரின் தங்கை

யார்க் நகர மன்றம், கில்ட்ஹால் என்பார்கள். 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1942 ஏப்ரல் 29 விடியற்காலை ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் எரிந்தது. ரயில் நிலையமும் எரிந்தது, கோனி தெருவில் இருந்த பழைய தேவாலயமும் எரிந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரத்தைப் பிரிட்டன் குண்டுவீசி எரித்ததற்குப் பழியாக, பழம்பெருமை வாய்ந்த ஊர்களாகப் பார்த்து அடித்தார்கள். அந்தத் தாக்குதல்களுக்குப் பேடெக்கர் என்ற சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தின் பெயரே வந்துவிட்டது. கில்ட்ஹாலைத் திரும்பக் கட்டி 1960-இல் திறந்தார்கள். முன்னிருந்தபடியே கட்ட முடிந்ததற்குப் பழைய படங்களும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூர் விழுந்தது அதே ஆண்டு பிப்ரவரி 15. இரண்டரை மாத இடைவெளி. அந்த வீட்டம்மாவும் உங்கள் தாத்தாவும் இதைப் பற்றி ஒரு நாளாவது பேசியிருப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்ப் படமே ஆயிரம் கிடக்கிறது. வெள்ளைக்காரன் ஊர்ப் படத்துக்கு ஏன் இத்தனை பக்கம்?
- புக்கிட் பாத்தோக் வாசகர்

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நம்முடைய படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர்களே அவர்கள்தான். லாம்பர்ட் போன்ற ஐரோப்பிய ஸ்டூடியோக்கள் நம் ஆட்களை மாட்டுவண்டிக்காரர், சலவைக்காரர் என்று நிறுத்திப் படம் பிடித்து, பெயர் எழுதாமல் அட்டையாக விற்றன. அதைப் பார்த்துப் பார்த்து வெந்தவள்தான் நானும்.

ஆனால் யார்க்கில் ஒன்று பார்த்தேன். நான் போயிருந்த 2000 நவம்பரில் ஊஸ் ஆறு பெருக்கெடுத்தது. வழக்கமான மட்டத்துக்கு மேல் 5.4 மீட்டர் என்றார்கள். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அப்படிப் பார்த்ததில்லையாம். மணல்மூட்டை தூக்குவதற்குப் படையினர் வந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரத்தில் கிங்ஸ் ஸ்டெய்த் என்ற கரையில் உள்ள பழைய மதுக்கடை வாசலில் நின்று பார்த்தேன். எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் கோடு போட்டு ஆண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். 1947-இன் கோட்டுக்கும் மேலே புது வெள்ளத்தின் சேற்றுக்கறை. அதற்கு முந்தின வாரம்தான் நூலகத்தில் அதே கரையின் பழைய வெள்ளப் படம் பார்த்திருந்தேன். தெருவில் படகு, மாடிச் சன்னலிலிருந்து ஒரு பாட்டி கூடையைக் கயிற்றில் இறக்குகிறார், படகிலிருந்து ஒருவர் அதில் ரொட்டி வைக்கிறார். எனக்கு எங்கள் பழைய வீட்டுப் பக்கத்து 1969 டிசம்பர் வெள்ளம்தான் ஞாபகம் வந்தது. மேசைமேல் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் அப்பாவின் கேமரா. அந்தக் காட்சியை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

அவர்கள் அரச குடும்பத்தையும் கோயிலையும் மட்டும் பாதுகாக்கவில்லை. முற்றத்தில் காயும் துணியையும் கூடையில் இறங்கும் ரொட்டியையும் பாதுகாத்திருக்கிறார்கள். நம்மிடமும் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. நம் வீட்டு அலமாரிப் படத்தை நாம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உங்கள் ஆயிரம் படத்தில் பத்தை எனக்கு அனுப்புங்கள், ஐயா. அடுத்த மாதம் முழுப் பக்கமும் உங்களுக்கே.

அம்மாவின் கல்யாணப் படங்கள் பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிய்த்தால் கிழிகிறது. என்ன செய்வது?
- அங் மோ கியோ வாசகி

பிய்க்காதீர்கள். முதலில் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள் (600 டிபிஐ வைத்தால் போதும்). அப்புறம் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூல் கடையில் கிடைக்கும், மெழுகு தடவாதது வாங்குங்கள். படத்தின் மூலைக்கு அடியில் நூலை நுழைத்து, ரம்பம் போல் இழுத்து இழுத்து மெதுவாக நகர்த்துங்கள். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. அசையவே மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையர், வெந்நீர் எதுவும் வேண்டாம். எடுத்த படங்களை அமிலம் சேராத காகிதத்தில் சுற்றுங்கள், செய்தித்தாளில் வேண்டாம். லேமினேட் செய்யவே கூடாது. பின்பக்கம் பெயர் எழுத மெல்லிய பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தெரியும். நம் ஊர் ஈரப்பதத்துக்குக் கேமரா வைக்கும் உலர் பெட்டிதான் சிறந்தது. இல்லாவிட்டால் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுங்கள். கட்டிலுக்கு அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்கவே வேண்டாம்.

கட்டிலுக்கு அடியில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் படை போன பிறகு எங்கள் ஸ்டூடியோ ஓடவில்லை, மூடிவிட்டோம். நெகட்டிவ்கள் எல்லாம் ஆறு பிஸ்கட் டின்களில் இருந்தன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக்குக் குடிவந்தபோது கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அப்பா தவறிய பிறகு நான்தான் திறந்தேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, புளித்த வாடையோடு ஒரே கட்டியாக இருந்தன. பிரிக்க முயன்றேன், படலம் கையோடு வந்தது. பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் வந்தபோது டின்னோடு கொடுத்துவிட்டேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. ஒரு டின்னையாவது தெரிந்தவர்களிடம் காட்டியிருக்கலாம்.

அதனால் எல்லா வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 1950, 60-களில் செம்பவாங் பக்கம் எடுத்த படம் உங்கள் வீட்டில் இருந்தால், ஒருமுறை திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அப்பாவின் முத்திரை நீள்வட்டமாக இருக்கும். ஊதா மை, நடுவில் தோகை மடித்த ஒரு மயில். மயிலின் கழுத்துக்குக் கீழே ரப்பர் கொஞ்சம் பிய்ந்துபோனதால் அங்கே மட்டும் மை பதிந்திருக்காது.